இங்கிலாந்து கிராமத்து விவசாயிங்க: எல்லாரும் திரும்பத் திரும்ப என்கிட்ட கேக்குற கேள்விகள்

நான் இருக்குறது லெஸ்டர் பக்கம், இங்கிலாந்துக்கு நட்டநடுவுல. ஊர்ல இருந்து யார் வந்தாலும் கார்ல போகும்போது ரெண்டு பக்கமும் பச்சை, வேலி, ஆடு, சர்ச் கோபுரம் எல்லாத்தையும் பாத்துட்டு "இங்க விவசாயி எல்லாம் ராஜா மாதிரி வாழ்ந்திருப்பாங்கல்ல"ன்னு கேப்பாங்க. அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்னு தேட ஆரம்பிச்சதுதான் இதெல்லாம். பெரிய பங்களா, பிரபு குடும்பம் பத்தி சினிமாவும் சீரியலும் வேணும்ங்கிற அளவுக்கு இருக்கு, அந்த பங்களாவுக்கு வாடகை கட்டினவங்க பத்திதான் நான் எழுதுறேன்.

ஃபார்மர்னா சொந்த நிலம் வச்சிருக்கிறவர்தானே?

இல்லைங்க, இதுலதான் எல்லாரும் தப்பு பண்றோம். ஃபார்ம்ங்கிற வார்த்தையே பழைய பிரெஞ்சு "ஃபெர்ம்"ல இருந்து வந்தது, அதுக்கு அர்த்தம் வருஷாவருஷம் கட்டுற நிலையான தொகை. அப்ப ஃபார்மர்னா முதல்ல அர்த்தம் குத்தகைதாரர். பயிர் வைக்கிறவர்ங்கிற அர்த்தம் அப்புறம்தான் வந்து ஒட்டிக்கிச்சு.

பழைய ரெக்கார்டுல ஒருத்தர் யார்னு சொல்ல தனித்தனி வார்த்தை இருந்துச்சு. யோமன்னா ஓரளவு வசதியான விவசாயி, பெரும்பாலும் கொஞ்சமாவது சொந்த நிலம் உண்டு. 1430-ல இருந்து வருஷம் 40 ஷில்லிங் வருமானம் வர்ற சொந்த நிலம் இருந்தாதான் கவுண்டி, அதாவது நம்ம மாவட்டம் மாதிரி, அந்த தேர்தல்ல ஓட்டு. அதுக்கு கீழ ஹஸ்பண்ட்மேன், சின்ன விவசாயி, தன் குடும்பத்தை வச்சே பாடுபட்டு பொழைக்கிறவர். அதுக்கும் கீழ லேபரர், அதாவது கூலி. 1841 சென்சஸ்ல விவசாயக் கூலிங்க அவ்வளவு பேர் இருந்ததால முழுசா எழுதக்கூட இடம் இல்லாம "ஆக் லேப்"னு சுருக்கி எழுதினாங்க, பக்கம் பக்கமா அதேதான் வரும்.

1914 வாக்குல கூட இங்கிலாந்து விவசாய நிலத்துல கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்குதான் உழுறவங்க கையிலயே சொந்தமா இருந்துச்சு, மிச்சம் எல்லாம் குத்தகை. குத்தகைன்னா எந்த அளவுக்கு கட்டுப்பாடுன்னா, தன் பயிரை முயல் வந்து தின்னாக்கூட, ஒப்பந்தத்துல வேட்டை உரிமை நிலச்சொந்தக்காரருக்குன்னு இருந்தா அதை சுடக்கூடாது, ஏன்னா முயல் பிரபுவோட வேட்டைக்கு. 1880-ல சட்டம் வந்த பிறகுதான் பயிர் வச்சவனுக்கு முயலை கொல்ற உரிமையை யாராலயும் பறிக்க முடியாதுன்னு ஆச்சு. அது வரைக்கும் அவன் வளர்த்த டர்னிப் கிழங்கை முயல் தின்னும், அவன் பாத்துட்டு நிக்கணும்.

வில்லன்ங்கிற வார்த்தைக்கும் விவசாயிக்கும் தொடர்பு இருக்காமே, உண்மையா?

உண்மைதான். நம்ம சினிமால சொல்ற அதே வில்லன். மத்திய கால இங்கிலாந்துல "வில்லின்"னா பிரபுவோட மேனர்ல, அதாவது அவரோட பண்ணை எஸ்டேட்ல, கட்டுப்பட்ட விவசாயி. பண்ணையாள்ங்கிறதுக்கான லத்தீன் வார்த்தைதான் மூலம். மேல இருக்கிறவங்க அந்த வார்த்தையை ஏளனமா சொல்லி சொல்லி கடைசில அது கெட்டவன்னு மாறிப்போச்சு. உழுதவன் பேரை இப்படி ஆக்கிட்டாங்களேன்னு எனக்கு இன்னைக்கும் ஆறலை.

அவனோட நிலைமை என்னன்னா, கொஞ்சம் நிலம் உண்டு, 15 ஏக்கர் 30 ஏக்கர்னு, ஆனா அதுக்கு பதிலா வாரத்துல ரெண்டு மூணு நாள் பிரபு வயல்ல சும்மா வேலை செய்யணும், அறுப்பு நேரத்துல இன்னும் கூடுதல் நாள். பொண்ணுக்கு கல்யாணம்னா பிரபுவுக்கு காசு கட்டணும். மாவு அரைக்க பிரபுவோட மில்லுக்குத்தான் போகணும், அங்க ஒரு பங்கு பிடிச்சுக்குவாங்க. வீட்டுக்காரர் செத்துட்டா இருக்குறதுலயே நல்ல மாட்டை பிரபுவுக்கு ஓட்டிட்டு போய் விடணும், அதுக்கு "ஹெரியட்"னு பேரு. சாவு விழுந்த வீட்டுல உழவு மாட்டையும் ஓட்டிட்டு போனா அடுத்த விதைப்புக்கு அந்தக் குடும்பம் என்ன பண்ணும்னு யோசிச்சு பாருங்க. இது போக சர்ச்சுக்கு தசமபாகம், விளைச்சல்ல பத்துல ஒண்ணு.

ஓடிப்போகவும் செஞ்சாங்க. சாசனம் வாங்கின டவுன்ல போய் ஒரு வருஷமும் ஒரு நாளும் மாட்டாம இருந்துட்டா சுதந்திர மனுஷன்.

1086-ல ராஜா முதலாம் வில்லியம் எடுத்த டூம்ஸ்டேங்கிற நில, ஆள் கணக்குல இன்னும் கீழ ஒரு கூட்டம் இருக்கு. கணக்குல வர்ற ஆளுங்கள்ல பத்துல ஒரு பங்கு கிட்ட அடிமைங்க. அந்த முறை அடுத்த நூறு வருஷத்துக்குள்ள மறைஞ்சிடுச்சு, கட்டுப்பட்ட விவசாயி முறைதான் ரொம்ப நாள் நீடிச்சுது.

ஏக்கர், ஃபர்லாங் எல்லாம் எங்க இருந்து வந்துச்சு?

இது எனக்கு ரொம்ப பிடிச்ச கேள்வி. நம்ம ஊர் பத்திரத்துல எழுதுற ஏக்கர், சென்ட், பழைய ஆளுங்க சொல்ற ஃபர்லாங், சர்வே ஆபீஸ் செயின்மேன், எல்லாமே இந்த வயல்ல இருந்து கிளம்பி வந்ததுதான்.

ஏக்கர்னா எட்டு மாடு பூட்டின ஏர் ஒரு நாள்ல உழுறதா வச்சுக்கிட்ட நிலம். ஃபர்லாங்னா "ஃபர்ரோ லாங்", நம்ம பேச்சுல சொன்னா ஒரு சால் நீளம், 220 கெஜம். களிமண்ணுல எட்டு மாட்டை திருப்புறது லேசுப்பட்ட காரியம் இல்ல, அதுனால எவ்வளவு தூரம் நேரா போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்த்தான் திருப்புவாங்க. அந்த 220 கெஜ நீளத்துல 22 கெஜ அகலம் உழுதா ஒரு ஏக்கர். 1620-ல எட்மண்ட் கன்டர்ங்கிறவர் நிலம் அளக்க 66 அடி செயின் ஒண்ணு செஞ்சார், 22 கெஜம், அதுல 100 கண்ணி. பத்து சதுர செயின் சேர்ந்தா ஒரு ஏக்கர், அதுல நூத்துல ஒரு பங்குதான் நம்ம சென்ட். கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம்னு வச்சதும் அதே ஒரு செயின் அளவுதான். அப்ப ஒரு ஏக்கர் கண்ணு முன்னாடி வரணும்னா பத்து பிட்ச்சை நீளவாக்குல வரிசையா போட்டு, அகலத்துக்கு ஒரு பிட்ச் நீளம் வச்சுக்கோங்க.

எங்க வீட்டுல இருந்து நடக்குற தூரத்துல ஒரு மேய்ச்சல் நிலம் இருக்கு. மத்தியானத்துல பாத்தா வெறும் புல்லு. குளிர்காலத்துல சாயங்காலம் சூரியன் தாழ்ந்ததும் அதே புல்லுல நீள நீளமா மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெரியும், துணில கொசுவம் வச்ச மாதிரி. அது பழைய உழவோட தடம். வருஷக்கணக்கா ஒரே பக்கமா மண்ணை புரட்டி புரட்டி நடுவுல மேடாச்சு, பக்கத்துல தண்ணி வடிய பள்ளம். நல்லா கவனிச்சா அந்த மேடு நேரா இருக்காது, எஸ் எழுத்தை கண்ணாடில பாத்த மாதிரி லேசா வளைஞ்சிருக்கும். கடைசில திருப்புறதுக்கு தோதா மாடுங்களை முன்கூட்டியே ஒரு பக்கமா ஒடிச்சு ஓட்டினதுதான் அந்த வளைவு. பேர் தெரியாத ஒருத்தன் மாட்டை திருப்பின இடம் இத்தனை நூறு வருஷம் கழிச்சும் மண்ணுல அப்படியே இருக்கு. முதல் தடவை விஷயம் தெரிஞ்சு பாத்தப்போ அங்க இருந்து நகரவே மனசு வரலை.

ஒரு ஊரோட வயல் எப்படி இருந்துச்சு? இப்ப பாக்குற வேலி எல்லாம் அப்பவும் இருந்துச்சா?

நடு இங்கிலாந்துல பெரும்பாலான ஊர்ல இல்லை. ஊரைச் சுத்தி ரெண்டு மூணு பெரிய திறந்தவெளி வயல், ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்கான ஏக்கர், உள்ள வேலியே கிடையாது. அதை பட்டை பட்டையா பிரிச்சு, ஒருத்தருக்கு இங்க ஒரு பட்டை அங்க ஒரு பட்டைன்னு சிதறி இருக்கும், அதுனால நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் கலந்து வரும். மூணு வயல்னா ஒண்ணுல கோதுமை இல்லைன்னா ரைங்கிற தானியம், ஒண்ணுல பார்லி ஓட்ஸ் பட்டாணி, ஒண்ணு சும்மா ஆறப்போடுறது. அடுத்த வருஷம் மாத்திக்குவாங்க. அறுப்பு முடிஞ்சதும் ஊர் மாடு முழுக்க தாள்ல இறங்கி மேயும், அதுவே எரு.

அப்ப யார் எப்ப விதைக்கணும், எப்ப மாடு இறங்கணும்னு எல்லாம் ஊரே சேர்ந்துதான் முடிவு பண்ணணும், இல்லைன்னா ஒருத்தன் மாடு இன்னொருத்தன் பயிரை அழிச்சிடும். அதுக்கு மேனர் கோர்ட். பக்கத்துக்காரன் பட்டைல ஒரு சால் ஏறி உழுதியா, ஃபைன். மாட்டை அவுத்து விட்டியா, ஊர் பவுண்டுல, அதாவது பட்டில, அடைச்சிடுவாங்க, காசு கட்டித்தான் மீட்கணும்.

இந்த முறை இன்னைக்கும் உயிரோட இருக்குற ஊர் ஒண்ணு இருக்கு, நாட்டிங்ஹாம்ஷையர்ல லாக்ஸ்டன். மில் ஃபீல்டு, சவுத் ஃபீல்டு, வெஸ்ட் ஃபீல்டுன்னு மூணு திறந்த வயல். நவம்பர் கடைசி வாக்குல ஜூரி நாள்னு ஒண்ணு வச்சு, விவசாயிங்களே ஜூரியா கோதுமை விதைச்ச வயல்ல நடந்து போய், யாராவது பாதையையோ பொதுப் புல்லையோ கடிச்சு உழுதிருக்காங்களான்னு பாத்து, எல்லைக்கு முளைக்குச்சி அடிக்கிறாங்க. தப்பு பண்ணவங்களுக்கு அடுத்து கூடுற கோர்ட்டுல ஃபைன். 1635-ல மார்க் பியர்ஸ் வரைஞ்ச மேப் ஒண்ணு ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் லைப்ரரில இருக்கு, அதுல ஒவ்வொரு பட்டையும் தனியா தெரியும், ஏர் ஓட்டுறவங்க, அறுக்கிறவங்கன்னு குட்டி குட்டி மனுஷங்களைக்கூட வரைஞ்சிருக்கார்.

விளைச்சல் எப்படி? வயிறார சாப்பிட்டாங்களா?

நல்ல வருஷத்துல பரவாயில்லை. ஆனா மத்திய காலத்துல ஒரு மூட்டை கோதுமை விதைச்சா நாலு மூட்டை வந்தா பெருசு, அதுல ஒண்ணை அடுத்த வருஷ விதைக்கு எடுத்து வைக்கணும், மிச்சத்துல தசமபாகம், வாடகை, அப்புறம்தான் வயிறு. வெள்ளை கோதுமை ரொட்டி பணக்காரங்களுக்கு. இவங்களுக்கு பார்லி, ரை, கலப்பு மாவு ரொட்டி, பட்டாணியும் கீரையும் தானியமும் போட்டு கொதிக்க வச்ச கூழ் மாதிரி ஒண்ணு, கொஞ்சம் சீஸ், ஏல்ங்கிற பீர். நவம்பர்ல ஒரு பன்னி வெட்டி உப்பு போட்டு அடுப்புப் புகைல தொங்க விட்டா குளிர்காலம் ஓடும்.

மழை கெடுத்துட்டா அவ்வளவுதான். 1315-ல ஆரம்பிச்சு விடாம பேஞ்ச மழைல ரெண்டு மூணு வருஷம் தொடர்ந்து பயிர் அழுகிப்போய் பத்துல ஒருத்தர் கிட்ட செத்தாங்க, அது ஓயுறதுக்குள்ள 1319-ல மாட்டு நோய் வந்து உழவு மாடும் போச்சு.

பிளேக் வந்ததுக்கு அப்புறம் விவசாயிக்கு நல்ல காலம்னு சொல்றாங்களே?

உயிரோட மிஞ்சினவங்களுக்கு, ஆமா. 1348-ல வந்த பிளேக்ல மூணுல ஒரு பங்குல இருந்து பாதி ஜனம் வரைக்கும் போயிடுச்சு. உழ ஆள் இல்ல, அப்ப கூலி ஏறத்தானே செய்யும். அதை தடுக்க 1349-ல ஒரு உத்தரவு, 1351-ல ஒரு சட்டம், பிளேக்குக்கு முந்தின கூலிக்குத்தான் வேலை செய்யணும்னு. அதிகமா கேட்டா தண்டனை. இதோட தலைக்கு ஒரு ஷில்லிங் வரி வேற போட்டாங்க, ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே மாதிரி.

1381 ஜூன்ல எசெக்ஸ், கென்ட் ஆளுங்க கிளம்பி லண்டனுக்கே போயிட்டாங்க. வாட் டைலர் தலைமை, ஜான் பால்னு ஒரு பாதிரியார் பிரசங்கம். ஆதாம் மண்ணை வெட்டி ஏவாள் நூல் நூத்தப்போ பெரிய மனுஷன்னு எவன் இருந்தான், இதுதான் அவர் கேட்ட கேள்வி. போற வழியெல்லாம் அவங்க தேடித் தேடி எரிச்சது மேனர் கோர்ட் சுருள்களை. யார் யார் கட்டுப்பட்டவன்னு எழுதி வச்சது அதுலதான், அது சாம்பலானா ஆதாரம் இல்லையே. டைலரை ஸ்மித்ஃபீல்டுல பேச்சுவார்த்தை நடக்கும்போதே கொன்னுட்டாங்க, 14 வயசு ராஜா ரிச்சர்ட் குடுத்த வாக்குறுதியை எல்லாம் திருப்பி வாங்கிட்டார்.

ஆனாலும் கட்டுப்பட்ட முறை மெல்ல செத்துச்சு, சட்டம் போட்டு யாரும் ஒழிக்கலை. ஆள் பத்தாக்குறைல பிரபுக்களே இறங்கி வந்து வேலைக்கு பதில் காசா வாங்கிக்கிட்டாங்க. கோர்ட் சுருள்ல பதிஞ்சு அதோட காப்பியை விவசாயி கைல குடுப்பாங்க, அதுதான் அவனுக்கு நிலத்துக்கான ஆதாரம், அதுனாலயே அந்த உரிமைக்கு காப்பிஹோல்டுன்னு பேரு. எரிச்ச அதே சுருள் பின்னாடி விவசாயிக்கு கேடயமா ஆச்சு. 1922-ல போட்ட சட்டம் 1926-ல அமலுக்கு வர்ற வரைக்கும் இது இருந்துச்சு.

கூட்டுக்குடும்பமா இருந்தாங்களா? சொத்து யாருக்கு போகும்?

இல்லை. அங்க ரொம்ப காலமாவே கல்யாணம் ஆனா தனிக்குடித்தனம்தான். அதுக்கு வசதி சேரணும்ல, அதுனால கல்யாணமே லேட். 1600கள்ல பொண்ணுக்கு சராசரி 25, 26 வயசு, பையனுக்கு 27, 28. அது வரைக்கும் என்ன பண்ணுவாங்கன்னா, 14, 15 வயசுல வேற விவசாயி வீட்டுக்கு வருஷ வேலைக்கு போய் அங்கயே தங்கி, அங்கயே சாப்பிட்டு, சம்பளத்தை சேத்து வைப்பாங்க. இதுக்குன்னு வருஷத்துக்கு ஒரு சந்தை. ஆடு மேய்க்கிறவன் தொப்பில கம்பளி முடி, வண்டி ஓட்டுறவன் சாட்டைக் கயிறு, வீட்டு வேலைக்கு வர்ற பொண்ணு கைல துடைப்பான், இப்படி அடையாளத்தோட வரிசையா நிப்பாங்க, எஜமான் பாத்து பேசி கைல ஒரு காசு வச்சா ஒரு வருஷத்துக்கு முடிஞ்சுது. முழுசா ஒரு வருஷம் வேலை செஞ்சா அந்த ஊர் தர்ம நிதில உரிமை வந்திடும்னு சில பேர் வேணும்னே 51 வாரத்துக்கு எடுத்தாங்க. வயசான காலத்துல ஒருத்தனுக்கு சோறு போட வேண்டி வந்திடுமோன்னு ஒரு வாரத்தை திருடுறது, இதை எப்படிங்க நியாயப்படுத்துறது.

சொத்து பொதுவா மூத்த பையனுக்கு. கென்ட்ல மட்டும் பசங்களுக்கு சம பங்கு, சில மேனர்ல கடைக்குட்டிக்கு. விதவைக்கு காப்பிஹோல்டு நிலத்துல உரிமை உண்டு, ஆனா மறுகல்யாணம் பண்ணா பல இடத்துல போயிடும்.

எனக்கு மனசுல நின்னது வயசானவங்க எழுதி வாங்கின ஒப்பந்தம். அப்பா அம்மாவால உழ முடியாத வயசு வந்ததும் நிலத்தை பையனுக்கு மாத்திக் குடுப்பாங்க, ஆனா சும்மா இல்ல, மேனர் கோர்ட்ல எழுத்துல. வருஷத்துக்கு இத்தனை படி கோதுமை, இத்தனை படி பார்லி, அடுப்புப் பக்கத்துல இடம், விறகு, ஒரு மாடு மேய உரிமைன்னு ஒண்ணொண்ணா. பையன் தரலைன்னா நிலத்தை திருப்பி வாங்கவும் வழி. பெத்த பிள்ளைகிட்ட போய் எழுதி வாங்குறதான்னு முதல்ல எனக்கு கஷ்டமாத்தான் இருந்துச்சு, படிக்கப் படிக்க, கை ஓஞ்சவங்களுக்கு அந்த ஊர் ஒரு பாதுகாப்பு குடுத்திருக்குன்னு தோணுச்சு.

பொம்பளைங்க என்ன வேலை செஞ்சாங்க?

எல்லாமும். பால் கறக்குறது, வெண்ணெய் கடையுறது, சீஸ், கோழி, ஏல் காய்ச்சுறது, நூல் நூக்குறது, களை எடுக்குறது, அறுப்பு. பண்ணை வீட்டுல பால் பக்கம் முழுக்க வீட்டம்மா ராஜ்ஜியம். செடார், செஷையர், க்ளாஸ்டர்னு ஊர் பேர்ல வர்ற சீஸ் எல்லாம் இவங்க கை வேலை. வெதுவெதுப்பான பால்ல கன்னுக்குட்டி இரைப்பைல இருந்து எடுத்த உறை விட்டு, திரிஞ்சதும் வெட்டி, தண்ணி வடிச்சு, உப்பு போட்டு, துணி சுத்தி அழுத்தி, நாள் தவறாம திருப்பி வைக்கணும். பெரிய சீஸ் சக்கரம் ஒண்ணு தூக்கினா முதுகு போயிடும்.

இந்த மாட்டுத் தொழுவத்துல இருந்துதான் தடுப்பூசியே வந்துச்சு. மாட்டம்மை வந்த பால்காரப் பொண்ணுங்களுக்கு பெரியம்மை வராதுன்னு கிராமத்துல பேச்சு. 1774-ல டோர்செட்ல யெட்மின்ஸ்டர் ஊர் விவசாயி பெஞ்சமின் ஜெஸ்டி, ஊர்ல பெரியம்மை பரவினப்போ, நோய் வந்த மாட்டு மடில இருந்து எடுத்து ஊசியால மனைவிக்கும் ரெண்டு பசங்களுக்கும் போட்டுட்டார். மனைவிக்கு கை வீங்கி காய்ச்சல் வந்து பொழைச்சாங்க. ஊரே அவரை திட்டுச்சு. எட்வர்ட் ஜென்னர் 1796-ல செஞ்சதுக்கு 22 வருஷம் முன்னாடி இது. ஜென்னர் அதை முறையா சோதிச்சு எழுதினார், அந்தப் பெருமை அவருக்கு உண்டு. ஆனா தன் குடும்பத்தையே நம்பி பந்தயம் வச்ச விவசாயி பேரும் குழந்தைங்களுக்கு தெரியணும்னு நான் ஆசைப்படுறேன்.

அறுப்பு முடிஞ்ச வயல்ல உதிரி கதிர் பொறுக்குறது பொம்பளைங்களும் குழந்தைங்களும்தான். பல ஊர்ல அதுக்கு சர்ச் மணி அடிப்பாங்க, எல்லாரும் ஒரே நேரத்துல இறங்கணும்னு. ஒரு குடும்பத்துக்கு பல வாரத்து ரொட்டி மாவு அதுல கிடைக்கும். 1788-ல கோர்ட் அதை சட்டப்படி உரிமை இல்லைன்னு சொல்லிடுச்சு, ஆனாலும் பல ஊர்ல பொறுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

என்க்ளோஷர்னா என்ன? ஏன் அதைப் பத்தி இவ்வளவு பேச்சு?

நேரா சொன்னா, திறந்த வயலையும் பொது மேய்ச்சலையும் பிரிச்சு வேலி போட்டு தனித்தனி ஆளுக்கு பட்டா போட்டது. அந்த அழகான வேலி எல்லாம் பெரும்பாலும் இதோட தழும்புதான்.

முதல் அலை ஆட்டுக்காக. கம்பளிக்கு நல்ல விலை, உழவுக்கு நூறு பேர் வேணும், ஆட்டுக்கு ஒரு மேய்ப்பனும் நாயும் போதும். யார்க்ஷையர்ல வார்ரம் பெர்சின்னு ஒரு ஊர், பிளேக்ல ஏற்கனவே மெலிஞ்சு போயிருந்துச்சு, 1500 வாக்குல கடைசி குடும்பங்களையும் வெளியேத்தி ஆடு விட்டுட்டாங்க. இன்னைக்கு கூரை இல்லாத சர்ச்சும் புல்லுக்கு அடில வீட்டுத் தடமும்தான்.

1549-ல நார்ஃபோக்ல ஜனங்க வேலியை பிடுங்க கிளம்பினாங்க. ராபர்ட் கெட்ங்கிறவர் வேலி போட்ட வசதியான ஆள். அவர் வேலிக்கே வந்தாங்க. அவர் என்ன பண்ணார், நீங்க சொல்றது நியாயம்னு தன் வேலியை தானே பிடுங்கிட்டு அவங்களுக்கு தலைவரா ஆயிட்டார். நாரிச் பக்கத்துல மவுஸ்ஹோல்டு மேட்டுல ஆயிரக்கணக்குல முகாம் போட்டு ராஜாவுக்கு 29 கோரிக்கை எழுதினாங்க, அதுல ஒண்ணு, கட்டுப்பட்டவங்க எல்லாரையும் விடுதலை பண்ணணும். படை வந்து நசுக்குச்சு. அந்த டிசம்பர்ல கெட்டை நாரிச் கோட்டைல தூக்குல தொங்க விட்டாங்க. 400 வருஷம் கழிச்சு 1949-ல அதே கோட்டைல அவருக்கு மரியாதை செஞ்சு கல்வெட்டு வச்சிருக்காங்க.

ரெண்டாவது அலை பார்லிமென்ட் வழியா, பெரும்பாலும் 1750-ல இருந்து 1850 வரைக்கும். 1604-ல இருந்து 1914 வரைக்கும் மொத்தமா 5,200-க்கு மேல சட்டம், 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்துல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல. கமிஷனர் வந்து அளப்பார், உரிமை இருக்குறவங்க காட்டணும். எழுத்து இருந்தா நிலம் கிடைச்சுது. தலைமுறையா பொது நிலத்துல ஒரு மாடு மேய்ச்சு, முள்ளும் புல்கட்டியும் வெட்டி அடுப்பெரிச்ச குடிசைக்காரன்கிட்ட என்ன காகிதம் இருக்கும்? பழக்கம்தான் இருந்துச்சு. ரெண்டு ஏக்கர் கிடைச்ச சின்ன ஆளும் சர்வே செலவு, வேலி செலவு கட்ட முடியாம வித்துட்டார். ஒரு மாடு போனா வீட்டுல பால், வெண்ணெய், மோர் குடிச்சு வளர்ற பன்னி எல்லாம் சேர்ந்து போகுது. அப்ப கூலியை மட்டும் நம்பணும்.

விளைச்சல் கூடுச்சா? கூடுச்சு, அதை மறைக்கக்கூடாது. நார்ஃபோக் பக்கம் கோதுமை, டர்னிப், பார்லி, க்ளோவர்ங்கிற தீவனப்பயிர்னு நாலு வருஷ சுழற்சி, ஆறப்போடுற வருஷமே இல்ல, டர்னிப்பை குளிர்காலத்துல ஆடு மாடு தின்னும், க்ளோவர் மண்ணுக்கு சத்து குடுக்கும். லெஸ்டர்ஷையர் டிஷ்லில ராபர்ட் பேக்வெல் பொறுக்கி எடுத்து ஆட்டையே புதுசா வளர்த்தார், அவர் பிரபு இல்ல, குத்தகை விவசாயி. ஆனா திறந்த வயல் ஊர்லயும் விவசாயிங்க புதுப்பயிர் சேத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. விளைச்சலுக்காக ஏழையோட மாட்டை பறிச்சே ஆகணும்ங்கிறதை நான் ஏத்துக்க மாட்டேன்.

மெஷினை ஏன் உடைச்சாங்க? முன்னேற்றத்துக்கு எதிரா?

குளிர்காலத்துல கூலிக்காரனுக்கு இருந்த முக்கியமான வேலை களத்துக் கொட்டகைல கட்டையால கதிரடிக்கிறது. நவம்பர்ல இருந்து மாசக்கணக்கா அந்தக் கூலிலதான் வீடு ஓடும். கதிரடிக்கிற மெஷின் வந்தா அந்த மாசங்களுக்கு சோறு இல்ல, இதுதான் விஷயம். 1830 ஆகஸ்ட் 28 ராத்திரி கென்ட்ல லோயர் ஹார்ட்ரஸ்ல முதல் மெஷினை உடைச்சாங்க, தெற்கு முழுக்க பரவுச்சு, "கேப்டன் ஸ்விங்"னு இல்லாத ஆள் பேர்ல மிரட்டல் லெட்டர் போகும். 19 பேருக்கு தூக்கு, கிட்டத்தட்ட 500 பேரை கப்பல்ல ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினாங்க.

1833-ல டோர்செட் டால்படில் ஊர்ல ஆறு கூலிக்காரங்க, ஜார்ஜ் லவ்லெஸ் தலைமைல, வாரம் 7 ஷில்லிங் கூலியை 6 ஆக்கப்போறாங்கன்னதும் சங்கம் வச்சாங்க. சங்கம் வைக்கிறது அப்ப குத்தம் இல்ல, அதுனால ரகசிய சத்தியம் வாங்கினதா ஒரு பழைய சட்டத்தை தேடிப் பிடிச்சு 1834-ல ஏழு வருஷத்துக்கு நாடு கடத்தினாங்க. நாடே கொந்தளிச்சு ரெண்டு வருஷத்துல மன்னிப்பு. 1872-ல வாரிக்‌ஷையர் வெல்ஸ்போர்ன்ல ஒரு செஸ்ட்நட் மரத்தடில ஜோசப் ஆர்ச் பேச, விவசாயக் கூலிகளுக்கு தேசிய சங்கமே வந்துச்சு. 1884-ல கிராமத்து கூலிக்காரங்கள்ல நிறைய பேருக்கு ஓட்டு, 1885-ல வேலி வெட்டி பொழைச்ச அதே ஆர்ச் எம்.பி.

இவங்க பேர் எல்லாம் இப்பவும் இருக்கா?

நிறைய இருக்கு, குடும்பப் பேரா. ஷெப்பர்டு ஆடு மேய்ச்சவர், கவர்டு மாடு மேய்ச்சவர், கால்வர்ட் கன்னுக்குட்டி மேய்ச்சவர், ஹேவார்டு ஊர் வேலி காவல், ரீவ் மேனர் மணியக்காரர், தாட்சர் கூரை வேஞ்சவர்.

நேர்ல பாக்கணும்னா எங்க போறது?

முதல்ல லாக்ஸ்டன். அப்புறம் வெஸ்ட் சசெக்ஸ் சிங்கிள்டன்ல வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் மியூசியம், அங்க பேலீஃப்னு 1400கள்ல கட்டின ஒரு விவசாயி வீட்டை கென்ட்ல இருந்து மரம் மரமா பிரிச்சு கொண்டுவந்து நிறுத்தியிருக்காங்க. நடுக்கூடத்துல தரைல திறந்த அடுப்பு, புகைபோக்கி கிடையாது, மேல கூரைக் கட்டை எல்லாம் கரி. உள்ள போனா ட்ரெஸ்ல புகை வாசம் வீடு வரைக்கும் வரும்.

குடும்ப வரலாறு தேடுறவங்களுக்கு 1538-ல இருந்து சர்ச் பதிவேடு, செத்தவங்க சொத்துப் பட்டியல், 1836 சட்டத்துக்கு அப்புறம் வரைஞ்ச தசமபாக மேப் எல்லாம் கவுண்டி ஆவணக் காப்பகத்துல கேட்டா எடுத்துக் குடுப்பாங்க. அந்த சொத்துப் பட்டியலை ஒரு தடவையாவது படிங்க, பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு மூணு பேர் அறை அறையா போய் எழுதினது, பித்தளைப் பானை, ரெண்டு ஜோடி துணி விரிப்பு, புகைபோக்கில தொங்குற பன்னி இறைச்சி, ஒரு மாடு, நின்ன பயிர், கடைசில முற்றத்துல குமிச்சு வச்ச எருவுக்கும் விலை போட்டிருப்பாங்க.

உழவு மேடு பாக்கணும்னா டிசம்பர், ஜனவரில சாயங்காலம் மூணு மணி வாக்குல லெஸ்டர்ஷையர், நார்தாம்ப்டன்ஷையர் பக்கம் நடைபாதைல போங்க, மதியம் போனா தெரியாது. பூட்ஸ் போட்டுக்கோங்க, சேறு. கேட்டை திறந்தா மறக்காம மூடிடுங்க, உள்ள சினை ஆடு மேயும்.